மெத்தையின் ஓரத்துப் பள்ளம்

பழைய மெத்தை ஒன்று கடைக்கு வந்தால் அண்ணன் உடனே கத்தரிக்கோலைக் கையில் எடுக்க மாட்டார். அதை நீள மேசைமேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் உள்ளங்கையை ஓட்டுவார். பஞ்சு எங்கே இறுகிக் கிடக்கிறது, எங்கே விலகி ஓடியிருக்கிறது, எவ்வளவு கோதி உதற வேண்டும், எவ்வளவு புதுப்பஞ்சு சேர்க்க வேண்டும் எல்லாம் அந்த ஒரு தடவலில் தெரிந்துவிடும். அதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை.

"உங்க வீட்டுக்காரர் சுவத்துப் பக்கமா படுப்பாரோ? ஒரு கால மடக்கிக்கிட்டுத்தான் தூங்குவார் போல," என்று மெத்தை கொண்டுவந்த அம்மாவிடம் சொல்லிவிடுவார். அந்த அம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்ப்பார்.

"அடுத்தவங்க படுக்கையப் பத்தி உங்களுக்கு என்னங்க பேச்சு? ஒருநாள் வாங்கிக் கட்டிக்கத்தான் போறீங்க," என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

"நான் எங்க பேசறேன்? மெத்தை பேசுது," என்பார் அண்ணன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். இருபத்தெட்டு வருஷமாக அதே கடை, அதே மேசை, அதே பஞ்சு கோதும் இயந்திரம். அந்த இயந்திரம் ஒருமுறை அவருடைய வலது கைச் சுண்டுவிரலைக் கடித்துவிட்டது. எலும்பு கூடியதென்னவோ கூடியது, ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. மற்ற நான்கு விரல்களோடும் சேராமல், பாகப்பிரிவினையில் கோபித்துக்கொண்ட பங்காளிபோல அது தள்ளியே நிற்கும். அந்தக் கையால்தான் ஒரு மெத்தைக்கு நாற்பது முடிச்சு போடுவார். ஒவ்வொரு முடிச்சுக்கும் அளவு நாடா உண்டு. அரை அங்குலம் விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி போடுவார்.

"படுக்கறவன் ஸ்கேல் வச்சா பாக்கப்போறான்?" என்பார் முதலாளி.

"அவன் பாக்கமாட்டான் முதலாளி. அவன் முதுகு பாக்கும்."

இப்படிப்பட்டவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெருமையெல்லாம் தங்கையைப் பற்றித்தான். அவள் அவரைவிட ஒன்பது வயது இளையவள். உறைத்துணி சுற்றி வரும் அட்டைகளை அவர் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார். அவற்றின் பின்பக்கத்தில்தான் அவள் படம் போடப் பழகினாள். ஒவ்வொன்றின் முதுகிலும் அண்ணன் பென்சிலால் தேதி எழுதி, கடுதாசியில் சுற்றி, பரண்மேல் அடுக்கியிருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் மெத்தையைப் பற்றிப் பேசினால் அளவோடு பதில் சொல்வார். "உங்க தங்கச்சி ஏதோ படம் போடுதாமே" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அந்த மெத்தை தைத்த மாதிரிதான்.

தங்கைக்குப் பல் செய்யும் கூடத்தில் வேலை. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் பீங்கான் மாவைக் குழைத்து, தூரிகை நுனியால் மெல்லிய அடுக்குகளாக வைத்து, சின்ன உலையில் சுட்டு எடுப்பாள். அந்தப் பல் வாய்க்குள் போனதும் பக்கத்துப் பல்லுக்கே அடையாளம் தெரியக்கூடாது. வெள்ளை என்று தனியாக ஒரு நிறமே கிடையாது என்பாள். டீ குடிக்கிறவர் வெள்ளை வேறு, புகை பிடிக்கிறவர் வெள்ளை வேறு, ஈறோரத்து வெள்ளை வேறு, நுனியில் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை வேறு.

"என் பல்லு என்ன வெள்ளை?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டார்.

"மேல் வரிசையில மூணு வெள்ளை ஓடுதுண்ணா. கீழ் வரிசையப் பத்திக் கேக்காத. அதுக்கு எங்க கூடத்துல இன்னும் பேர் வைக்கல."

தங்கைக்கு ஒரு பழக்கம் உண்டு. முடியாத படத்தை யாருக்கும் காட்ட மாட்டாள். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை அதன்மேல் போட்டு மூடிவிடுவாள். அண்ணனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. அந்த விரிப்பின் நுனியைக்கூட அவர் தூக்கிப் பார்த்ததில்லை. அந்த நல்ல பழக்கம்தான் பின்னால் வினையாக முடிந்தது.

அவர்களுடைய அப்பா லாரி ஓட்டுநர். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனிதர் ஒருநாள் டீக் குவளையைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டார். அன்றைக்கு விழுந்த இடது கையும் இடது காலும் பிறகு எழவே இல்லை. ஏழு வருஷம் படுக்கை. தங்கை காலை வேலையை விட்டுவிட்டு, பகல் பதினோரு மணிக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்பும் வேலைக்கு மாறிக்கொண்டாள். அவள் கூடத்துக்குப் போயிருக்கும் நேரம் அண்ணி பார்த்துக்கொள்வார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ஒவ்வொரு முறை திருப்பும்போதும், "கியர் மாத்தியாச்சா?" என்று கோணிய வாயால் கேட்பார் அப்பா. ஏழு வருஷத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. பார்க்க வந்த டாக்டர், "எத்தனை நர்ஸ் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் இரண்டு வருஷம் அண்ணன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மெத்தையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா தடை போட்டுவிட்டார்.

"ஓட்டறவன் சீட்ட மாத்தாதடா. இப்பத்தான் உடம்புக்குப் படிஞ்சு வந்திருக்கு."

"குழி குழியா இருக்குப்பா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? மெத்தைக்காரன் வீட்டு மெத்தை இதுவான்னு..."

"பாக்கறவனா படுக்கறான்? போடா."

அதன்பிறகு அண்ணன் செய்ய முடிந்தது ஒன்றுதான். கடையிலிருந்து ஆறே காலுக்கு வருவார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே அறைக்குள் போய், அப்பாவின் இடுப்புக்கு அடியில் வலது உள்ளங்கையை நுழைத்து, பஞ்சில் ஈரம் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்.

"டயர்ல காத்து பாத்தாச்சா?" என்பார் அப்பா.

"பாத்தாச்சுப்பா."

"ஓடுமா?"

"ஓடும்."

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நாள் முழுக்க இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அவருக்கு ஊட்டியதும் துடைத்ததும் திருப்பியதும் பெண்கள். தான் கையை நுழைத்து எடுத்ததெல்லாம் ஒரு பணிவிடையா என்று அண்ணனுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு காலையில், டீ ஆறுவதற்குள், அப்பா போய்விட்டார்.

அடுத்த மாதமே தங்கை அந்த அறையில் பெரிய பலகை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. வருஷா வருஷம் நடக்கும் பெரிய ஓவியப் போட்டி ஒன்று உண்டு. வென்றவர்களின் படங்களைத் தலைநகரத்துக் கூடத்தில் மாட்டுவார்கள். அதற்கு அவள் நான்கு முறை அனுப்பியிருந்தாள். நான்கு முறையும் படம் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன்தான் போய், மெத்தை உறைத்துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வருவார்.

"இந்தத் தடவை என்னம்மா வரையற?"

"அப்பாவ வரையறேண்ணா. இதுதான் கடைசி. இதுவும் திரும்பி வந்துட்டா, பல்லு போதும் எனக்கு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் எதையும் இரண்டு முறை சொல்கிறவள் இல்லை. பரண்மேல் இருபத்தெட்டு வருஷத்துத் தேதிகள் அடுக்கியிருக்கின்றன, அந்த வரிசை இத்தோடு நின்றுவிடுமா? இந்தப் படம் எப்படியாவது நன்றாக வர வேண்டும். அதற்குத் தன்னால் ஆனது எதையாவது செய்துவிட வேண்டும். ஆனால் மெத்தை தைக்கிறவர் படம் போடுகிறவளுக்கு என்ன உதவி செய்துவிட முடியும்?

ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. தங்கை அந்த அறையிலேயே தூங்கினாள். கட்டிலில் அல்ல, தரையில். பாவம், மெத்தை குழியும் மேடுமாக இருப்பதால்தான் என்று அவராக முடிவு செய்துகொண்டார். அப்பாவின் தடையும் இப்போது இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு மெத்தையைக் கடை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மேசைமேல் விரித்தார். கண்ணை மூடினார். எப்போதும் ஒருமுறை ஓட்டுகிற கையை அன்றைக்கு மூன்று முறை ஓட்டினார். பிறகு பிரித்தார். கட்டி தட்டிப்போன ஐந்து வருஷத்துப் பஞ்சை விரலாலேயே உதிர்த்து, இயந்திரத்தில் கோதி, வெயிலில் போட்டு, புது உறைக்குள் நிரப்பினார். நாற்பது முடிச்சு. அவர் கையில் இதுவரை அப்படி ஒரு மெத்தை அமைந்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, நடுவில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. தங்கை வந்து பார்க்கட்டும் என்று டம்ளரை அப்படியே விட்டுவிட்டு வாசலில் காத்திருந்தார்.

தங்கை வந்தாள். கையில் பை இருந்தபடியே கதவருகில் நின்றுவிட்டாள்.

"என்னண்ணா இது?"

"படுத்துப் பாரேன்."

அவள் படுக்கவில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பலகைக்குப் பக்கத்தில் போய், அதன்மேல் கிடந்த விரிப்பை உருவினாள்.

முடியாத படம் ஒன்றை அண்ணன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதில் முகம் இல்லை. லாரி இல்லை. வெறும் மெத்தை, மேலிருந்து பார்த்த மாதிரி, உள்ள அளவுக்கு வரையப்பட்டிருந்தது. தலையணை அழுத்திய இடம், அதற்குக் கீழே தோள் பதிந்த பள்ளம், அதன்மேல் கொஞ்சம் விலகி இன்னொரு தோள், அதற்குள் மூன்றாவது. எல்லாமே வெள்ளை. அவர் மதியம் கண்ணை மூடிக்கொண்டு தடவியது அத்தனையும் கண்ணைத் திறந்தபடி எதிரே நின்றது. இடுப்பு வரைக்கும்தான். அதற்குக் கீழே வெறும் பலகையும் பென்சில் கோடுகளும்.

"நீ... அப்பாவ வரையறேன்னுதானே சொன்ன?"

"இதுதாண்ணா அப்பா."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ. ரூம்ல எதையும் ஒழுங்குபண்ணாதீங்க அண்ணின்னு சொன்னாளே."

"எங்கிட்ட சொன்னியா நீ?"

"தூசி தட்ட வேணாம்னு சொல்றாளாக்கும்னு இருந்தேன். நீங்க கட்டிலோட பெயர்த்துக்கிட்டுப் போவீங்கன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

தங்கை திட்டியிருந்தால் தேவலை. அவள் மெத்தைமேல் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய், தண்ணீரைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தனை நாள் இருக்கு?" என்று அண்ணன் அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"பதினோரு நாள்."

"போட்டோ எதுவும் எடுத்து வச்சிருக்கியா?"

"எடுத்தேன். அதுல வெறும் வெள்ளைத் துணிதான் தெரியுது. காலையில எட்டு மணிக்கு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழும் பாரு, அப்பத்தான் பள்ளம் எழுந்து வரும். விடுண்ணா. இந்த வருஷம் அனுப்பல."

"அடுத்த வருஷம்?"

அவள் விரிப்பை எடுத்துப் பலகைமேல் மறுபடி போட்டு மூடினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. அண்ணன் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கினார். மெத்தையை மறுபடி வேனில் ஏற்றினார். எதையும் உடனே தூக்கிப் போடாத பழக்கம் கைகொடுத்தது. பழைய உறை மூட்டைக்குள் பத்திரமாக இருந்தது, துடைக்கும் துணிக்கு ஆகும் என்று வைத்திருந்தார். ஊசி போன நாற்பது துளைகளும் அதில் அப்படியே இருந்தன.

மேசைக்கு முன்னால் நின்று கண்ணை மூடினார். இருபத்தெட்டு வருஷமாகக் கை கற்றுக்கொண்டதெல்லாம் மட்டமாக்குவது. இப்போது குழி செய்ய வேண்டும். எந்தக் குழி என்று கைக்குத் தெரியும், நேற்றுத்தானே தடவியது. பஞ்சைப் பழைய உறைக்கே மாற்றி, லேசாகத் தண்ணீர் தெளித்து, மணிக்கட்டால் குத்தி, மரக்கட்டையால் அழுத்தி, ஒவ்வொரு பிடியாக இறுக்கினார். கண்ணை மூடித் தடவினார். தோள் ஆழம் போதவில்லை. பிரித்தார். மறுபடி அழுத்தினார். அன்றைக்கு முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் வேலைக்கு நடுவில் கிடைத்த நேரமெல்லாம் இதுதான்.

முதலாளி வந்து பார்த்தார். "என்னய்யா இது, மாடு படுத்துப் புரண்ட மாதிரி? இத்தனை வருஷத்துல உன் கையில தப்பு வந்து இப்பத்தான் பாக்கறேன்."

"தப்பு இல்ல முதலாளி. இதுக்கும் அளவு இருக்கு."

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல், மேசையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "சரி, சொல்லு. எங்க அழுத்தணும்?"

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மெத்தை கட்டிலில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. தங்கை பலகையில் வரைந்து முடித்திருந்த மேல்பாதியையும் கட்டிலில் கிடந்த மேல்பாதியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பாதி உண்மையான பள்ளத்தைப் பார்த்து வரைந்தது. அண்ணன் அந்தப் படத்தை ஒருமுறைதான் பார்த்திருந்தார், அதுவும் தலைசுற்றிய நிலையில். அவள் கிட்டே போனாள். விரலை வைத்து அளந்தாள். திரும்பிவந்து படத்தை அளந்தாள்.

"அண்ணா," என்றாள். "ஒரு விரக்கடைகூடத் தள்ளல."

"தள்ளாது," என்றார் அண்ணன். ஆனால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டிலிருந்து பத்து வரை இருவரும் அந்த அறையில்தான். அவள் பல்லுக்கு வைப்பதுபோலவே வெள்ளையை அடுக்கடுக்காக வைத்தாள். சாம்பல் கலந்த வெள்ளை, மஞ்சள் தொட்ட வெள்ளை, நீலம் ஓடிய வெள்ளை. அண்ணன் கட்டிலருகில் நின்று அவள் கேட்பதைச் சொல்வார்.

"கால்மாட்டுல இது என்ன குழி? நீ வேணும்னே வச்சியா?"

"இருந்துச்சும்மா. குதிகால் அகலத்துக்கு. வலது பக்கம். அங்க மட்டும் பஞ்சு மரக்கட்டை மாதிரி இறுகிக் கெடந்துச்சு."

தங்கை தூரிகையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். "பிரேக்!"

"என்னது?"

"பிரேக்குண்ணா! தூக்கத்துல அப்பா வலது கால ஓங்கி ஓங்கி அழுத்துவார். எவனோ குறுக்க வந்துட்டான்னு திட்டிக்கிட்டே."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அப்பா போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. என்னவோ ஏதோ என்று அண்ணி கரண்டியோடு ஓடி வந்தார்.

கடைசிக்கு முந்தின நாள், கால்மாடு முடிந்து, அதுவரை தொடாமல் விட்டிருந்த ஓரத்துக்கு வந்தாள். ஜன்னல் பக்கத்து ஓரம். நேராக ஒரு கோடு இழுத்துவிட்டால் முடிந்தது. கட்டிலைப் பார்த்தவள் நின்றாள்.

"இங்க என்னமோ ஆயிடுச்சு பாரு. ஓரம் அமுங்கிக் கெடக்கு. வேன்ல வரும்போது இடிச்சுதா?"

"இல்லையே. அது இருந்ததுதான். ரெண்டு கை அகலம். அங்க பஞ்சு செங்கல் மாதிரி. விரலால உதிர்க்கவே முடியல, நகம் பெயர்ந்துச்சு. மெத்தை முழுக்க அதுதான் ஆழம்."

"இருக்காதுண்ணா. அப்பா அவ்வளவு ஓரத்துக்கு வரவே மாட்டார். விழுந்துடுவார்னு நான் தலையணை வச்சிருப்பேன்."

"அப்பா இல்லம்மா. படுத்த பள்ளம் நீளமா இருக்கும். இது உக்காந்த பள்ளம்."

சொல்லிவிட்டுத்தான் அண்ணனுக்கே உறைத்தது. ஊட்டுவதற்கு, வாயைத் துடைப்பதற்கு, பேப்பர் படித்துக் காட்டுவதற்கு, திருப்புவதற்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு தயார்ப்படுத்துவதற்கு. ஒருநாளைக்கு எத்தனை முறை? தடவிய அன்று கைக்குத் தெரிந்த விஷயம் தலைக்கு ஏற இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"உக்காரு," என்றார்.

"எதுக்கு?"

"உக்காரேன்."

அவள் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே வழக்கமாக உட்காருவதுபோல உட்கார்ந்தாள். பல் கச்சிதமாகப் பொருந்துவதுபோலப் பொருந்தியது. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால். அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேராக அவள் முகம். ஏழு வருஷம் அவள் உட்கார்ந்தே இருந்ததால் அந்தப் பள்ளம் அவள் கண்ணில் ஒருநாளும் படவில்லை.

உட்கார்ந்தபடியே குனிந்து, அமுங்கிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதப் போட வேணாம்ணா," என்றாள் பிறகு. "இது அப்பாவோட படம். நான் எதுக்கு நடுவுல?"

"நடுவுல இல்ல. ஓரத்துலதான இருக்க." அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இருந்ததப் போடு. மத்ததெல்லாம் நீ அளந்து போட்டுட்டு இத மட்டும் விட்டா, மெத்தை தப்பாயிடும்."

மறுநாள் காலை அவள் அதைப் போட்டாள். அன்று மாலை படத்தை உறைத்துணியில் சுற்றி இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரசீதை அண்ணன் நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, பையை ஊக்கால் குத்திக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்குத் தொலைபேசி வந்தது. முதலாளிதான் எடுத்தார். "உன் தங்கச்சி. ஒண்ணும் புரியல, நீயே பேசு."

"அண்ணா," என்றாள் தங்கை. "திரும்பி வரல."

"வரலையா? தொலைச்சுட்டானுங்களா?"

"மாட்டிட்டாங்கண்ணா. முதல் பரிசு."

அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டு, பாதி தைத்த மெத்தைமேல் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் வாடிக்கையாளர் மெத்தைமேல் அவர் உட்கார்ந்ததே இல்லை. முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல வெளியே போய், அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் தன் கடையில் செய்த மெத்தைக்கு முதல் பரிசு கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

தலைநகரத்துக் கூடத்தை அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் தங்கை, பின்னால் அண்ணி. உயரமான சுவர்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. மற்ற படங்களுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள், பேசினார்கள், நகர்ந்தார்கள். கடைசிச் சுவரில் பேச்சே இல்லை. இருபது பேர் இருப்பார்கள். கோவிலில் நிற்பதுபோல நின்றார்கள். ஒரு வயதான மனிதர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, "யாரோ இப்பத்தான் எழுந்து போயிருக்காங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "இன்னொருத்தங்க பக்கத்துலயே உக்காந்திருந்திருக்காங்க, பாரேன்," என்றாள்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு அப்பாவைத் தெரியாது, தங்கையைத் தெரியாது, பஞ்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவர் கண்ணை மூடித் தடவி அறிந்துகொண்டதை அவள் கைகட்டி நின்று பத்தடி தூரத்திலிருந்து அறிந்துகொள்கிறாள். அந்த அறையில் இத்தனை நாள் கூடவே நின்ற தனக்கே இந்தப் படம் இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. துணி இல்லை, பஞ்சு இல்லை, வெறும் பலகைமேல் பூசிய வெள்ளை. ஆனால் அப்பா முகம் கழுவப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று இருந்தது. மூன்று அப்பாக்கள் ஒருவருக்குள் ஒருவர் படுத்திருந்தார்கள். கால்மாட்டில் பிரேக். ஓரத்தில் அவள். ஆட்கள் விலக விலக அண்ணன் முன்னே போனார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். இடுப்புப் பள்ளத்தின் இந்தப் பக்கம், மிக லேசாக, அகலமாக ஒரு தடம். வெளிச்சத்துக்கு நேராக நின்றால் தெரியாது, தலையைச் சாய்த்தால் தெரியும். நான்கு விரல் சேர்ந்து பதிந்திருந்தது. ஐந்தாவது, சுண்டுவிரல், கோபித்துக்கொண்டதுபோலத் தள்ளி நின்றது.

அண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"இது அங்க இல்லையே," என்றார்.

"எதுண்ணா?"

"இது. உள்ளங்கை பட்ட தடம் பஞ்சுல நிக்காது. கைய எடுத்த உடனே மேல வந்துடும். நான் இத உனக்குச் சொல்லவும் இல்ல. தப்பா போட்டிருக்க."

"தப்பு இல்ல." தங்கை படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தினமும் ஆறே காலுக்கு இருந்துச்சு. நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்? அஞ்சே முக்காலுக்கே அப்பா வாசலப் பாக்க ஆரம்பிச்சுடுவார். இருந்ததப் போடுன்னு நீதான சொன்ன."

அண்ணனின் கை தானாக எழுந்தது. தடத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், விரித்தபடி நின்றது.

"ஐயா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. தொடக்கூடாது," என்று காவலர் ஓடி வந்தார். "என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி," என்றார் அண்ணன். கையை இறக்கினார். "டயர்ல காத்து பாத்தேன்."

காவலர் விழித்தார். பின்னால் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை மட்டும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓடுமா?" என்றாள்.

"ஓடும்," என்றார் அண்ணன்.